விழுகிற பக்கமும் நிற்கிற ஸ்தாபனமும்

1919இல் மார்ஸெல் துஷாம் மோனா லிசாவின் மலிவான தபால் அட்டைப் பிரதி ஒன்றில் மீசை வரைந்தார். லூவரில் தொங்கிய ஓவியத்துக்கு ஒன்றும் நேரவில்லை; நேர்ந்ததெல்லாம் பார்க்கிறவனின் பிரக்ஞைக்குத்தான். 'மிஸ்டர் டூப்' என்ற புனைபெயரில் இயங்கும் ரிகார்டோ கபேயோ 2009இல் செய்த 'கூகுள் கிராவிட்டி'யை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் ஒரு பிரதிமேல் நிகழ்த்திய குறும்பு.

கூகுளின் முகப்புப் பக்கம் திரையில் நிற்கிறது. சற்றைக்கெல்லாம் பெயர், தேடல் கட்டம், பொத்தான்கள் எல்லாம் பொலபொலவென்று கீழே விழுகின்றன. எடுத்து வீசினால் மூலையில் மோதித் திரும்புகின்றன. வெளிவந்த காலத்தில், விழுந்து கிடக்கும் கட்டத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் விடைகளும் மேலேயிருந்து வந்து குவியலில் சேர்ந்தன.

உபாயம் தெளிவானது. எரின் கேட்டோவின் 'பாக்ஸ்2டி' என்ற பௌதிக நிரல், இங்கே ஜாவாஸ்கிரிப்ட் வடிவில், பக்கத்தின் ஒவ்வொரு துண்டையும் எடையுள்ள பொருளாகக் கொள்கிறது. விநாடிக்குப் பலமுறை வேகத்தையும் மோதலையும் கணக்கிட்டு அதன் இடத்தை மாற்றுகிறது. விளைவுதான் முக்கியம். அந்தப் பக்கம் அங்கே நிற்பது இயற்கை நியதி என்ற நம் மயக்கம் கலைகிறது. யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்கக் கட்டங்களை நிரப்புகிற என் போன்ற வங்கிக் குமாஸ்தாவுக்கு இது அற்ப சந்தோஷமில்லை.

ஆனால் சந்தோஷத்தோடு நின்றுவிட்டால் விமர்சனம் எதற்கு? தன் குரோம் உலாவியின் திறனைக் காட்டக் கூகுள் 2009இல் திறந்த 'குரோம் எக்ஸ்பெரிமெண்ட்ஸ்' காட்சிசாலையில் இந்தக் கேலிக்கும் இடம் கிடைத்தது. கேலிக்கு ஆளானவரே மேடை போட்டுக் கொடுத்தார். 2011இல் ஒருபடி மேலே போய், 'டூ எ பேரல் ரோல்' என்று தட்டினால் பக்கம் ஒரு சுற்றுச் சுழலும்படி கூகுளே செய்துவிட்டது. விதூஷகனின் வேலையை ராஜாவே எடுத்துக்கொண்டால் விதூஷகனுக்கு என்ன மிச்சம்?

யோவான் ஹீம்ஸ்கெர்க், டிர்க் பாஸ்மன்ஸ் இருவரும் 'ஜோடி' என்ற பெயரில் 1995இல் செய்த பக்கத்தை இத்துடன் ஒப்பிட வேண்டும். கறுப்புத் திரையில் பச்சைக் குறிகளின் அர்த்தமற்ற இரைச்சல். மூல நிரலைத் திறந்து பார்ப்பவனுக்கே அக்குறிகள் ஒரு வெடிகுண்டின் வரைபடமாக ஒழுங்குபடும். அங்கே வாசகன் உழைக்க வேண்டும், கொஞ்சம் பயப்படவும் வேண்டும். எந்த ஸ்தாபனமும் அதைத் தன் விளம்பரமாக்கிக்கொள்வது எளிதில்லை.

இதனால் கபேயோவைத் தள்ளிவிட முடியாது. அவருடைய 'பால் பூல்' இன்னும் மேலான சிருஷ்டி. உலாவியின் சாளரத்தைப் பிடித்து இழுத்தால் உள்ளே கிடக்கும் பந்துகள் குலுங்கி உருளுகின்றன; சாளரம் கையில் ஏந்திய பாத்திரமாகிவிடுகிறது. இது யாரையும் கேலி செய்யவில்லை, யாருடைய புகழையும் சார்ந்து நிற்கவில்லை. கூகுளின் முகப்பு மாறமாற 'கிராவிட்டி'யின் பிரதி பழைய புகைப்படமாகும். பந்துகளுக்கு அந்தக் கவலை கிடையாது.