கட்டிலருகே நடக்க வேண்டிய தேர்வு

காலை ஏழரை மணிக்கு ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதி, சித்திரை வீதிப் பக்கம் நடந்தால், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்திறங்கிக் கையில் சாப்பாட்டுப் பையோடு விரைகிற பெண்களைப் பார்க்கலாம். எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும். இரவெல்லாம் கண்விழித்தவர் கிளம்பக் காத்திருப்பார். வீட்டுக்குள் கட்டிலில் ஒரு முதியவர் படுத்திருப்பார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். இந்தப் பெண்களை வீட்டார் ‘அட்டெண்டர்’ என்கிறார்கள். ஏஜென்சிகள் ‘ஹோம் நர்ஸ்’ என்று எழுதுகின்றன. எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் எந்தப் பயிற்சி நிலையத்திலும் படித்தவர்கள் இல்லை. வேலையிலேயே வேலையைக் கற்றவர்கள்.

தேசிய புள்ளியியல் அலுவலகம் 2021இல் வெளியிட்ட கணிப்பின்படி, தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 13.6 விழுக்காடு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஆகவே இந்தப் பெண்களின் தேவை கூடிக்கொண்டேதான் போகும். அவர்கள் வகுப்புக்குப் போகாமல், நேரடியாகத் தேர்வை எதிர்கொண்டு, சான்று பெற்ற செவிலியர் உதவியாளர் ஆகலாமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கேள்வி நமக்குப் புதிதல்ல. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறியவர்கள் நம் ஊர்களில் ஏராளம். வயரிங் வேலையில் ஐந்தாண்டுக்குக் குறையாத அனுபவம் உள்ளவர்களுக்காகத் தமிழக அரசு மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. மின்சாரத்தைத் தொடுகிறவருக்கு இருக்கிற வழி, நோயாளியைத் தொடுகிறவருக்கும் இருக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மனித உடம்பும் மின்கம்பியும் ஒரே விதமாகப் பாடம் கற்பிப்பதில்லை. அதை எனக்கு உணர்த்தியவர், பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்த என் பெரியம்மாவைப் பார்த்துக்கொண்ட ஓர் அக்கா.

லால்குடிப் பக்கத்திலிருந்து வருகிறவர். பதினான்கு வருட அனுபவம். பெரியம்மாவை அவர் திருப்பிப் படுக்க வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இடுப்புக்குக் கீழே ஒரு பழைய வேட்டியை நான்காக மடித்துப் போட்டிருப்பார். விழுந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்க மாட்டார். முதலில் அதை மெல்ல எடுத்து நெஞ்சின் மேல் வைப்பார். முழங்காலை மடக்குவார். “பாட்டி, சன்னல் பக்கம் பாருங்க” என்று சொல்லி, அந்த முகம் திரும்புகிற நொடியில் வேட்டியைத் தன் பக்கம் இழுப்பார். ஒரு முனகல்கூட எழாது. சான்றிதழோடு வந்த இளம்பெண் ஒருத்தி அதே வேலையை இரண்டு நாள் செய்தபோது பெரியம்மா வலியில் கத்தினார். அந்தப் பெண் பயிற்சியில் பொம்மையைத் திருப்பிப் பழகியவள்.

இதோடு நிறுத்தினால் என் தீர்ப்பு சுலபமாக இருந்திருக்கும். ஒரு நாள் பெரியம்மாவின் முதுகின் அடிப்பகுதியில் ரூபாய் நாணய அளவில் சிவப்பு தெரிந்தது. அக்கா ஸ்பிரிட்டும் பவுடரும் எடுத்து அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கத் தொடங்கினார். தற்செயலாக டியூபை மாற்ற வந்திருந்த செவிலியர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தார். சிவப்பு வெளுக்கவில்லை. அடியில் ரத்த ஓட்டம் தடைபட்டுவிட்டது, படுக்கைப் புண்ணின் முதல் நிலை இது, இந்த இடத்தைத் தேய்த்தால் நலிந்த திசு இன்னும் சிதையும், இப்போது வேண்டியது அழுத்தத்தை நீக்குவது மட்டும்தான் என்றார்.

“பதினாலு வருசமா இப்படித்தான் செய்யறேன் சிஸ்டர். ஒருத்தரும் வேண்டாம்னு சொன்னதில்லையே” என்றார் அக்கா. அவர் பொய் சொல்லவில்லை. ஒரு ஆஸ்பத்திரி வார்டில் மூத்த ஆயாவிடம் கற்ற முறை அது. ஒரு காலத்தில் செவிலியப் பாடத்திலும் முதுகுப் பராமரிப்பு என்றால் ஸ்பிரிட்டும் பவுடரும்தான். பின்னால் பாடம் மாறியது. மாறிய செய்தி அவரிடம் போய்ச் சேர வழியில்லை.

இந்த ஒரு நிகழ்விலேயே நான் தேடிய அளவுகோல் கிடைத்தது. தவறாகத் தூக்கினால் நோயாளி அப்போதே கத்துவார். கை அப்போதே திருந்தும். தாமதமாகப் பலன் காட்டுகிற தவறு அப்படித் திருந்தாது. தேய்த்த இடம் புண்ணாகச் சில நாளாகும். புண் வந்த பிறகும் அது தேய்த்ததால் வந்ததா, படுத்தே கிடப்பதால் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. யூரின் பேக்கை நோயாளியின் வயிற்றுக்கு மேலே தூக்கினாலோ கட்டில்மேல் வைத்தாலோ சிறுநீர் பின்னோக்கிப் போய்க் கிருமித்தொற்று வரலாம்; காய்ச்சல் காட்டும்போது யாருக்கும் பேக் நினைவிருக்காது. பக்கவாதம் வந்தவர் படுத்தபடி கஞ்சி குடித்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அவர்களில் சிலருக்கு அப்போது இருமல்கூட வருவதில்லை. நிமோனியாவாகத்தான் வெளிப்படும். இப்படிப்பட்ட தவறுகளை ஒருவர் இருபது ஆண்டுகள் நல்ல மனதோடு செய்துகொண்டிருக்க முடியும். அனுபவம் அவற்றைத் திருத்தாது. பழக்கமாக இறுகச் செய்துவிடும்.

ஆகவே வகுப்பு வேண்டுமா வேண்டாமா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. தாமதமாகப் பலன் காட்டும் தவறுகளை எந்த ஏற்பாடு பிடிக்கிறது என்பதை வைத்தே ஒவ்வொரு வழியையும் எடைபோட வேண்டும்.

முதலில் அமெரிக்க வழி. அங்கே முதியோர் இல்லங்களின் நிலை மோசமானபோது, 1987இல் மத்தியச் சட்டம் ஒன்று வந்தது. உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, அதில் 16 மணி நேரம் மேற்பார்வையோடு செய்முறை என்று விதித்தது. நோயாளியைத் தொடுவதற்கு முன்பே 16 மணி நேரம் தொற்றுத் தடுப்பு, பாதுகாப்பு, பேசும் முறை, நோயாளியின் உரிமைகள் ஆகியவற்றைக் கற்றாக வேண்டும். அனுபவத்தால் கற்க முடியாதவற்றையே தொடக்கத்தில் வைத்தார்கள். புளோரிடா மாநிலம் இதற்கு இன்னொரு கதவும் வைத்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பியவர் பின்னணிச் சோதனையில் தேறினால், பயிற்சி நிலையத்துக்குப் போகாமலே நேரடியாகத் தேர்வுக்கு உட்காரலாம். எழுத்துத் தேர்வோடு செய்முறையும் உண்டு. மூன்று முறை தோற்றால் பயிற்சி முடித்துவிட்டுத்தான் மறுபடி வர முடியும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் அதை அப்படியே ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவர முடியாது. அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் உதவியாளருக்கு மேலே உரிமம் பெற்ற செவிலியர் ஒருவர் இருப்பார். உதவியாளர் செய்த தவறை இன்னொரு கண் பார்க்கும். அவர் பெயர் மாநிலப் பதிவேட்டில் இருக்கும். நோயாளியைத் துன்புறுத்தியது நிரூபணமானால் அதுவும் அங்கே ஏறும். சித்திரை வீதி வீட்டில் அக்கா தனியாள். மேலே செவிலியரும் இல்லை, பின்னால் பதிவேடும் இல்லை. தனியாக விடப்படுகிறவருக்கான தேர்வு கூடுதல் கடுமையோடு இருப்பதுதான் நியாயம்.

இரண்டாவது, நம் நாட்டு வழி. 2015இல் தொடங்கிய பிரதமர் கௌசல் விகாஸ் திட்டத்தில் ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்றொரு பிரிவு உண்டு. ஆர்.பி.எல். என்பார்கள். வேலை தெரிந்தவரை முழுப் பயிற்சிக்கு அனுப்பாமல், சிறிய அறிமுகத்துக்குப் பின் மதிப்பிட்டுச் சான்று தருவது இதன் நோக்கம். சுகாதாரத் துறையில் ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’, ‘ஹோம் ஹெல்த் எய்ட்’ என்ற வேலைகளுக்கான தகுதித் தரங்கள் ஏற்கெனவே வகுக்கப்பட்டவை. அக்காவைப் போன்றவரை அரசே பெயர் சொல்லி அழைத்து, உன் வேலைக்கு மதிப்புண்டு என்று சொன்ன ஏற்பாடு இது. அந்த வகையில் இதை மனமார வரவேற்கிறேன்.

ஆனால் என் அளவுகோலில் இது குறைபடுகிறது. 2016இல் தொடங்கிய இரண்டாம் கட்ட விதிமுறையில் அறிமுகப் பயிற்சி 12 மணி நேரமாக இருந்தது. அதில் துறை சார்ந்தது 6 மணி நேரம். மென்திறனுக்கும் பாதுகாப்புக்கும் 4. தேர்வு முறையை விளக்க 2. கட்டட வேலைக்கும் தையலுக்கும் உடம்பைத் தொடும் வேலைக்கும் ஒரே அச்சு. அக்காவின் ஸ்பிரிட் பாட்டிலைக் கீழே வைக்கச் செய்ய ஆறு மணி நேரம் போதுமா என்றால், பொதுப்பாடமாக நடத்தினால் போதாது. அவருடைய தவறான பழக்கங்களையே குறிவைத்து நடத்தினால் ஓரளவு போதும். அப்படிக் குறிவைக்கும் கட்டாயம் அந்த அச்சில் இருக்கவில்லை.

மூன்றாவது வழி, அனுபவத்தை மட்டும் பார்த்துத் தேர்வே இல்லாமல் ஏற்பது. இதற்கும் முன்மாதிரி உண்டு. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் முதல் பதிவேட்டைத் தயாரித்தபோது, மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஐந்தாண்டு மருந்து கலக்கியவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஒரு தொழிலுக்கு முதன்முதலாகப் பதிவேடு திறக்கும்போது, பல காலமாக அதில் உழைத்தவர்களைத் தெருவில் விடக் கூடாது என்ற அறம் அதில் இருக்கிறது. அந்த அறத்தை ஏற்கிறேன். தேர்வின்மையை ஏற்க முடியாது. பதினான்கு ஆண்டு அனுபவம் என்பது பதினான்கு ஆண்டு ஸ்பிரிட்டும் பவுடருமாகவும் இருக்கலாம்.

வகுப்பையும் இதே கண்டிப்போடு எடைபோட வேண்டும். கைக்கும் வாய்க்குமாக நாள்களைத் தள்ளுகிற பெண்ணுக்கு, மாதக்கணக்கில் வருமானம் இல்லாமல் வகுப்பில் உட்காருவது நடக்கிற காரியமல்ல. இன்னொரு ஆபத்தும் உண்டு. செவிலியராகப் பதிவு பெற, இந்திய செவிலியர் குழுமம் ஏற்ற ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்ஸி. நர்சிங் போன்ற படிப்புகள் வேண்டும். இந்தப் பதிவுமுறைக்கு நம் மாநிலத்தில் 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டத்திலிருந்தே வேர் இருக்கிறது. ஆனாலும் சில மாதச் சான்றிதழுக்கு ‘நர்ஸ்’ என்று பெயர் சூட்டி ஏழைப் பெண்களிடம் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வகுப்பைவிட அக்காவின் பதினான்கு ஆண்டு எவ்வளவோ மேல். 2021இல் வந்த இணை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டமோ, பட்டயப் படிப்புக்கே குறைந்தது 2,000 மணி நேரம் கேட்கிறது. அதற்கும் கீழே, யாரும் கணக்கில் எடுக்காத இடத்தில் நிற்கிறார் அக்கா.

குறுகிய பயிற்சி பெற்றவர்களால் நல்ல வேலை செய்ய முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்று பிபி, சுகர் பார்க்கிறார்கள். அவர்களைச் சுற்றி வலி நிவாரணச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கின்றன. ஐயம் வந்தால் கேட்க ஆள் உண்டு. திட்டத்தின் பலமே அதுதான்.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகு என் தீர்ப்பு இது. பல ஆண்டு கட்டிலருகே நின்றவருக்கு முழு வகுப்பிலிருந்து விலக்கு தரலாம், தர வேண்டும். தேர்விலிருந்து விலக்கு கூடாது. புதிதாக வருகிறவருக்கு இந்த வழியே கூடாது. செல்போன் காணொளியைப் பார்த்துவிட்டு ஒரு முதியவரைத் தூக்க வருகிறவருக்கு அனுபவமும் இல்லை, பாடமும் இல்லை.

தேர்வு தாளில் நடக்கக் கூடாது. கட்டிலருகே நடக்க வேண்டும். பதிவு பெற்ற செவிலியர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எழுத வராதவரிடம் தமிழில் வாய்மொழியாகக் கேட்டால் போதும். கை கழுவுவது, சிவப்பை அழுத்திப் பார்ப்பது, யூரின் பேக்கின் உயரம், நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுவது ஆகிய நான்கில் எதில் தவறினாலும் மொத்தத் தேர்வும் தோல்வி என்று இருக்க வேண்டும். தோற்றவருக்குச் சம்பளம் இழக்காத நேரத்தில், தவறிய பாடத்தை மட்டும் நடத்தி மறுவாய்ப்புத் தர வேண்டும். தேறியவர் பெயர் யாரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் ஏற வேண்டும். சான்றில் ‘உதவியாளர்’ என்றே இருக்க வேண்டும், ‘நர்ஸ்’ என்று இருக்கக் கூடாது. இதற்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. திருச்சி புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே கட்டிலும் உண்டு, கற்றறிந்த செவிலியரும் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அப்படியொரு தேர்வு வருகிற வரைக்கும், வீட்டில் ஆள் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாதம் ஒரு முறையாவது பதிவு பெற்ற செவிலியர் ஒருவரை வரவழையுங்கள். நோயாளியைப் பார்த்துவிட்டு உடனே கிளம்ப விடாமல், உங்கள் அட்டெண்டர் வேலை செய்வதையும் அரை மணி நேரம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு நாளுக்குப் பிறகு அக்கா ஸ்பிரிட் பாட்டிலைத் தொடவில்லை. தினமும் காலையில் பெரியம்மாவைத் திருப்பியதும், முதலில் விரலால் அழுத்திப் பார்க்கிறார்.