துணி விற்ற காசு

ஓவியக் கண்காட்சி பற்றி நம் பத்திரிகைகளில் வருபவை பெரும்பாலும் திறப்பு விழாச் செய்திகள். குத்துவிளக்கு ஏற்றியவர் பெயர் இருக்கும். ஓவியன் அதற்கு முந்தைய வருஷத்தை எப்படி ஓட்டினான் என்பது இராது. காசு பற்றிப் பேசுவது கலைக்கு இழுக்கு என்று நினைப்பு. நானும் விலக்கில்லை. வங்கியில் நாள் முழுக்கப் பேரேடு எழுதுகிறவன், வீட்டில் ஓவியம் பற்றி எழுத உட்கார்ந்தால் கோடு, வெளி, உள்மனம் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

1966இல் கே. சி. எஸ். பணிக்கரும் அவரைச் சேர்ந்த ஓவியர்களும் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தை அமைத்தார்கள். மெழுகு தடவிச் சாயம் தோய்த்த பாத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் விற்ற காசுதான் அதற்கு ஆதாரம். எழுதுகிறவர்களோ ஓவியத்தைக் கலையென்றும் துணியைப் பிழைப்பென்றும் பிரித்து, பின்னதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

நான் இருப்பது அனகாபுத்தூரில். நைஜீரியாவுக்குத் துணி நெய்து அனுப்பிய ஊர். அந்த வியாபாரம் நின்றபின் தறிகளும் ஒவ்வொன்றாய் நின்றன. இங்கே நெசவாளர்கள் நூல் விலையையும் கரையின் அழகையும் ஒரே மூச்சில் பேசுவார்கள். அந்தப் பேச்சு நம் விமர்சனத்துக்கு இன்னும் வரவில்லை.

மானியம் வாங்குவது குற்றம் என்று சொல்ல வரவில்லை. யார் கொடுத்தார்கள், எதற்காக, அது படத்தில் எங்கே தெரிகிறது என்று கேட்காத விமர்சனம் அழைப்பிதழின் தொடர்ச்சிதான். நான் எழுதியவற்றில் பாதி அந்த ரகம்.