கிடார் ஆம்ப்: மூன்று பாணிகள், ஓர் அளவுகோல்

மின்கிடாரில் பாதி வாத்தியம்தான் கையில் இருக்கிறது, மறுபாதி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). 12ஏஎக்ஸ்7 என்ற சிறு வால்வுக்குள் தாங்கும் அளவை மீறிச் சமிக்ஞை நுழையும்போது அலையின் முகடுகள் மழுங்குகின்றன, புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. இப்படி ஒரு வால்வுக் கட்டத்தின் வெளியீட்டை அடுத்த கட்டத்துக்கு ஊட்டி, இந்தச் சிதைவை அடுக்கடுக்காக வளர்ப்பதே 'ஹை-கெயின்'. எந்த இடத்தில் மந்தர ஒலியைக் குறைப்பது, எங்கே தொனியைத் திருத்துவது என்பதில்தான் பாணிகள் பிரிகின்றன.

முதலாவது மார்ஷல் பாணி. லண்டனில் டிரம்ஸ் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேனின் மின்சுற்றைப் பின்பற்றி 1960களின் தொடக்கத்தில் தங்கள் ஆம்பை உருவாக்கினார்கள். அந்த வழியில் 1975இல் வந்த 2203 மாடலே 1981இல் ஜேசிஎம்800 ஆயிற்று. இஎல்34 வால்வுகள் தரும் முனைப்பான நடுத்தொனி இதன் முத்திரை. சேனல் ஒன்றுதான். ஆனாலும் கிடாரின் வால்யூமைக் குறைத்தால் முரட்டுத்தனம் தணிகிறது, கூட்டினால் மீண்டும் சீறுகிறது.

இரண்டாவது மெசா பூகி பாணி. கலிஃபோர்னியாவின் ராண்டல் ஸ்மித், ஃபெண்டரின் சிறிய பிரின்ஸ்டன் ஆம்பைத் திருத்துவதிலிருந்து தொடங்கியவர். இவருடைய மார்க் வரிசையில் தொனித் திருகுகள் சிதைவுக்கு முன்பே வருகின்றன. அங்கே பாஸைக் கூட்டினால் ஒலி குழம்பும். ஆகவே முன்னால் குறைத்துவிட்டு, இறுதியிலுள்ள ஐந்து பட்டை ஈக்வலைசரில் மீட்டுக்கொள்கிறார்கள். மெட்டாலிக்கா குழுவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986) ஆல்பத்தின் கூர்மையான தாக்குதலுக்குப் பின்னால் மார்க் IIசி+ இருக்கிறது.

மூன்றாவது சோல்டானோ பாணி. மைக் சோல்டானோவின் எஸ்எல்ஓ-100 மாடலில் ஒரு கட்டம் வேண்டுமென்றே மிகக் குறைந்த மின்னோட்டத்தில் இயங்கி, அலையின் ஒரு பக்கத்தை வெட்டுகிறது. தடித்த, நீண்டு நிற்கும் நாதம் அதனால் கிடைக்கிறது. கிடார் கலைஞர் எடி வான் ஹேலனுக்காகப் பீவி நிறுவனம் 1992இல் வெளியிட்ட 5150, மெசாவின் டூயல் ரெக்டிஃபையர் இரண்டும் இதன் வழிவந்தவை. மெட்டல் இசைக்கு 5150 பெருந்துணை. ஆனால் சிதைவில்லாத அதன் சுத்த ஒலி அவ்வளவு மெச்சத்தக்கதல்ல.

இம்மூன்றையும் ஒப்பிட, சிதைவின் அளவு பயன்படாது. இன்று எல்லா ஹை-கெயின் ஆம்பிலும் அது தேவைக்கு மேலேயே உண்டு. சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்த்து மீட்டினால் எந்த ஆம்பும் கம்பீரமாக முழங்கும். கூடவே காந்தாரத்தைச் சேர்க்கும்போதுதான் சோதனை: சுரங்கள் ஒன்றோடொன்று உரசி இரைச்சலாகின்றனவா, தனித்தனியே கேட்கின்றனவா? உள்ளங்கையால் தந்தியை அடக்கியதும் ஒலி உடனே நிற்கிறதா? மென்மையாக மீட்டினால் மென்மையாகப் பேசுகிறதா?

ஆம்பின் பன்முகத்திறன் என்பதும் இப்படி வாசிப்புக்கு ஏற்ப மாறுவதே. நான்கு சேனல் இருந்தும் விரலின் வேறுபாட்டை மறைத்துவிடும் ஆம்பைவிட, ஒரே சேனலில் அதை உள்ளபடி காட்டும் ஆம்ப் உயர்ந்தது. வாசிப்பவரின் கையை மறைக்காத ஆம்பே இந்த மரபில் தரமானது.