கூலருக்கு எத்தனை ரூபாய்?

எங்கள் ஃப்ளாட்டின் மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை இருக்கிறது. அங்கே குடியிருக்கும் இளைஞர் கல்யாண வீடியோ எடிட் செய்கிறார். முகூர்த்த மாதங்களில் ராத்திரி பகல் கிடையாது. போன சித்திரையில் அவருடைய பழைய கம்ப்யூட்டர் பிராணனை விட்டது. "புதுசா அசெம்பிள் பண்ணணும், கூட வர்றீங்களா சார்?" என்று கேட்டார். கையில் ஐம்பதாயிரம். அதுவும் அடுத்த மூன்று கல்யாணங்களுக்கு வாங்கிய அட்வான்ஸ்.

ரிச்சி தெருவில் ஒரு கடை. ப்ராஸஸர் இன்டெலின் ஐ5-12400 என்று முடிவாயிற்று. கூலர் என்று வாயெடுத்ததும் கடைக்காரர் ஓர் அலமாரியைத் திறந்தார். உள்ளே கொலு வைத்த மாதிரி கலர் கலராக விளக்குகள்.

"வீடியோ எடிட்டிங்னா லிக்விட்தான் சார். ஏர் கூலரெல்லாம் தாங்காது."

விலை ஏழாயிரத்துச் சொச்சம். தம்பி என் காதருகே வந்து, "ராமை 16 ஜிபிலேருந்து எட்டாக் குறைச்சிடலாமா சார்?" என்றார்.

கூடாது. ஏன் கூடாது என்பதுதான் இந்த வாரம்.

ப்ராஸஸர் குடிக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டை அந்தச் சின்னச் சதுரத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய் காற்றில் விடுவது மட்டும்தான் கூலரின் உத்தியோகம். நல்ல ஏர் கூலரில் நாலைந்து செம்புக் குழாய்கள் இருக்கும். இரண்டு பக்கமும் மூடிய குழாய். உள்ளே துளியூண்டு தண்ணீர். சூடான முனையில் தண்ணீர் ஆவியாகி மேலே போகும், அங்கே குளிர்ந்து மறுபடி நீராகித் திரும்பும். இதற்கு 'ஹீட் பைப்' என்று பெயர். 1944-லேயே அமெரிக்காவில் காக்லர் என்பவர் பேடன்ட் வாங்கிவிட்டார். யாரும் சட்டை செய்யவில்லை. 1963-ல் லாஸ் அலமோஸில் ஜார்ஜ் க்ரோவர், விண்வெளி ஆராய்ச்சிக்காக அதைத் தானாகவே மறுபடி கண்டுபிடித்துச் செய்து காட்டினார். அது இன்று ரிச்சி தெருவில் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆக, கடைக்காரர் இளப்பமாகச் சொன்ன ஏர் கூலருக்குள்ளும் லிக்விட் இருக்கிறது. விளக்குதான் இல்லை.

அடுத்து, அட்டைப்பெட்டி வாட்ஸ். 12400-க்கு இன்டெல் சொல்வது 65 வாட். அதே இன்டெலின் விவரப் பட்டியலில் இன்னொரு வரி இருக்கிறது: டர்போ வேகத்தில் அதிகபட்சம் 117 வாட். ஏஎம்டி-யும் சளைத்ததல்ல. 2018-ல் வந்த ரைசன் 7 2700எக்ஸின் 105 வாட் எப்படி வந்தது என்று அவர்களே சூத்திரம் கொடுத்தார்கள். இரண்டு வெப்பநிலைகளைக் கழித்து, கூலரின் திறனைக் குறிக்கும் ஓர் எண்ணால் வகுக்க வேண்டும். சிப் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பது அந்தச் சூத்திரத்தில் எங்குமே வராது! எதிர்ப்பக்கத்தில் கூலர் கம்பெனிகள் '220 வாட் தாங்கும்' என்று போடுகிறார்கள். எந்தச் சூட்டில், எந்த ப்ராஸஸரில், எவ்வளவு நேரம் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்கிறது. வரன் வீட்டார் ஒரு ஜாதகமும் பெண் வீட்டார் ஒரு ஜாதகமும் அவரவரே எழுதிக்கொண்டு வந்தால் பொருத்தம் பார்த்து என்ன பிரயோஜனம்?

விமரிசனம் எழுதுகிறவர்கள் அளந்துதான் சொல்கிறார்கள். ஆனால், பெரும்பாலும் அவர்கள் அளப்பது 22, 24 டிகிரி அறையில். கூலரால் செய்ய முடிந்தது, அறைச் சூட்டுக்கு மேலே ப்ராஸஸர் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதைக் குறைப்பது மட்டுமே. அறை ஒரு டிகிரி ஏறினால் ப்ராஸஸரும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். ஒரு கணக்குக்கு, 24 டிகிரி அறையில் 80 காட்டும் ப்ராஸஸர், மே மாத ஆஸ்பெஸ்டாஸின் கீழ் 38 டிகிரியில் 94 காட்டும். 12400-க்கு வரம்பு 100. அதைத் தொட்டால் எரிந்து போகாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தம்பிக்கு அதுவே நஷ்டம். ரிசப்ஷன் வீடியோ மறுநாள் காலைக்குள் போகவேண்டும்.

ஏழாயிரம் ரூபாய் லிக்விட்டும் அறைச் சூட்டுக்குக் கீழே போகாது. அதுவும் சூட்டை அந்த அறைக்குள்தான் கொட்டும். கூடுதலாக ஒரு பம்ப் இருக்கிறது. அது நின்றால் மொத்தத்தையும் மாற்றவேண்டும். ஏர் கூலரில் சுற்றுவது விசிறி ஒன்றுதான். நின்றால் சில நூறு ரூபாய்க்கு வேறு 120 மி.மீ. விசிறி மாட்டிக்கொள்ளலாம்.

அப்படியானால் ப்ராஸஸர் பெட்டிக்குள் இலவசமாக வரும் கூலர்? ஏ.சி. ஆபீஸில் கணக்கு எழுத, கடிதம் அடிக்க தாராளமாகப் போதும். விடிய விடிய ரெண்டரிங் ஓட்டினால் மிக்ஸி மாதிரி கத்தும். தம்பி ரகத்துக்கு நாலு ஹீட் பைப், ஒரு 120 மி.மீ. விசிறி கொண்ட ஒற்றை டவர் கூலர் சரி. டீப்கூல் ஏகே400, கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 குடும்பம் எல்லாம் இந்த ஜாதி. 253 வாட் வரை போகும் ஐ9-13900கே மாதிரி அசுரர்களுக்கு, ஆறு பைப்பும் இரண்டு விசிறியும் உள்ள தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் போன்ற இரட்டை டவர் பார்க்கலாம். அந்த அசுரனை இரவு பகலாக முழு மூச்சில் ஓட்டுபவர்களுக்கும், டவர் நுழையாத குட்டிப் பெட்டிக்காரர்களுக்கும் லிக்விட் நியாயம். மற்றவர்கள் விளக்குக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

டவர் கூலரிலும் குறைகள் உண்டு. ஏகே400-ன் உயரம் 155 மி.மீ. மலிவான சில கேபினட்களில் மூடி மூடாது. சிலது ராம் சொருகும் இடத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் சாக்கெட்டுக்கான கிளாம்ப் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய 1200 சாக்கெட்டின் துளைகளும் 12400-க்கான 1700-ன் துளைகளும் ஒன்றல்ல. கேபினட்டின் முன்பக்கம் முழுக் கண்ணாடியாக இருந்தால் எந்தக் கூலருக்கும் மூச்சு முட்டும். சரஸ்வதி பூஜைக்கு கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைக்குமுன் உள்ளே தூசி தட்டுங்கள்.

ஒற்றை டவரே வாங்கினோம். ராம் 16 ஜிபியிலேயே நின்றது. மிச்சப்பட்டதில் அறைச் சுவருக்கு ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். ப்ராஸஸருக்கும் தம்பிக்கும் அது பொது.

இரவு மாடியில் நானே மாட்டிக்கொடுத்தேன். ஆன் செய்த ஐந்தாவது நிமிஷம் 98 டிகிரி! தம்பி என்னைப் பார்த்த பார்வையில் ஏழாயிரம் ரூபாய் தெரிந்தது. கழற்றிப் பார்த்தால், கூலரின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள். 'பொருத்துமுன் உரிக்கவும்' என்று அதிலேயே எழுதியிருந்தது. உரித்து, பேஸ்ட் தடவி, மறுபடி மாட்டியதில் 71.

லிக்விட் கூலரின் அடியிலும் அதே தாள் உண்டு.