சுவர் ஏன் விழுந்தது?

2025 ஜனவரியில் கோவை சங்கனூர் பள்ளத்தில் கரை அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஓரத்திலிருந்த மாடி வீடு ஒன்று சரிந்து விழுந்தது. முறையாக பிரீமியம் கட்டிவரும் ஒருவருடைய வீடு இப்படி விழுந்தால் பணம் கிடைக்குமா? வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியைப் புரட்டினால், வீடு நிற்கும் நிலம் இறங்கிப்போனால் இழப்பீடு உண்டு என்று இருக்கும். விலக்குகளைப் படித்தால், பள்ளம் தோண்டியதால் வந்த சேதம், ஆற்றரிப்பு, மண் கொட்டி நிரப்பிய இடம் அமுங்கியது ஆகியவற்றுக்குக் கிடையாது என்றும் இருக்கும். மண் தானாக இறங்கியதா, இறங்க வைத்தார்களா என்ற கேள்விக்கு எழுதப்படும் பதிலில்தான் கிளைம் முழுக்கத் தொங்குகிறது.

நம் ஊர்களில் நியாயமான தொகை வாங்குவது பற்றிய பேச்செல்லாம் எவ்வளவு வெட்டினார்கள், எத்தனை மாதம் இழுத்தார்கள் என்பதிலேயே சுற்றுகிறது. அந்த இரண்டிலும் விதிகள் நன்றாகவே திருந்தியிருக்கின்றன. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கவேண்டிய வீட்டுப் பாலிசியான ‘பாரத் கிருஹ ரக்ஷா’ அதற்குச் சான்று. குறைவான தொகைக்கு இன்சூர் செய்திருந்தால் அதே விகிதத்தில் இழப்பீட்டையும் வெட்டும் பழைய வழக்கம் அதில் இல்லை. இன்சூர் செய்த தொகை ஆண்டுக்கு 10% தானாக ஏறும். வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20%, அதிகபட்சம் 10 லட்சம் வரை தனியாக உண்டு. 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இன்னும் இறுக்கியது: 24 மணி நேரத்துக்குள் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் அறிக்கை வந்த 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். காகிதம் போதவில்லை என்பதை மட்டும் வைத்து கிளைமைத் தள்ளக் கூடாது.

ஆனால் வேகமாக வரும் பதில் சரியான பதிலாகவும் இருக்க வேண்டுமே. சர்வேயர் உரிமம் பெற்றவர், நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். அவர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. இப்படி ஒரு சோதனை இல்லாவிட்டால் பொய்க் கணக்குகள் பெருகி, பிரீமியம் எல்லோருக்கும் ஏறும் என்பதும் உண்மை. என்றாலும் வழக்கத்தில் அவரை அனுப்புவதும் அவருக்குக் கூலி கொடுப்பதும் நிறுவனம்தான். தொகையைக் குறைத்து எழுதினால் மேஸ்திரியின் எஸ்டிமேட்டைக் காட்டி வாதாடலாம். காரணத்தை மாற்றி எழுதினால் எதைக் காட்டுவது?

தொண்டாமுத்தூர், பொள்ளாச்சிப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். மண் சாந்து வைத்துக் கட்டிய சுவர். தென்மேற்குப் பருவமழை நாள்கணக்கில் விடாமல் பிடித்து, சுவர் ஊறி, ஒரு விடிகாலையில் ஒரு பக்கம் உட்கார்ந்துவிடும். புயலும் வெள்ளமும் பாலிசியில் உண்டு. மெல்லக் கசிந்து வந்த சேதத்துக்கும் பராமரிப்பின்மைக்கும் இடமில்லை. அஸ்திவாரத்தில் தண்ணீர் நின்ற தடம் தெரிந்தால் வெள்ளம் என்று எழுதலாம். இரண்டு நாள் வெயில் அடித்து அந்தத் தடம் காய்ந்துவிட்டாலோ, ‘பழைய சுவர், ஈரக்கசிவு’ என்ற முடிவுக்கு வருவது சுலபம். சர்வேயர் வருமுன் இடிபாட்டை அள்ளிச் சுத்தம் செய்துவிடும் நம் வழக்கம் இங்கேதான் வினையாகிறது.

காரணத்தில் சந்தேகமே இல்லாத இடத்தில் சிக்கல் வேறு வழியாக வரும். 2018-லும் 2022-லும் ஆகஸ்டில் மேட்டூர் உபரிநீர் பெருகி பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையத்துக் கரையோர வீடுகளுக்குள் காவிரி புகுந்தது. வெள்ளம்தான் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த ஊர்களில் முன்பக்கம் குடியிருப்பு, பின்பக்கம் விசைத்தறி என்று ஒரே கூரைக்கடியில் இருப்பது சகஜம். குடியிருப்புப் பாலிசி தறிக்கும் நூலுக்கும் பொருந்தாது. அதற்கு, சொத்து மதிப்பு 5 கோடி வரையுள்ள சிறுதொழில்களுக்கான ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ தனியாக வேண்டும். அதிலோ 15%-க்கு மேல் மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்தால் விகித வெட்டு திரும்பி வந்துவிடும். இன்னொன்று: வீட்டுக்கடனோடு பாலிசி எடுத்தவர்களில் பலர் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கடன் தொகைக்குத்தான் பாலிசி போட்டிருக்கிறதா, திரும்பக் கட்டும் செலவுக்கா என்று பாங்கில் இன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது.

முடிவு பாதகமாக வந்தால் வழி இல்லாமல் இல்லை. சர்வேயர் அறிக்கையே கடைசி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் பிரதீப் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டாலும், ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கிய கையெழுத்து என்று நிரூபித்தால் மேற்கொண்டு வழக்காடலாம் என்பது அதே நீதிமன்றத்தின் 1999 தீர்ப்பு. சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் கட்டணமின்றி 50 லட்சம் வரையிலான தகராறுகளைக் கேட்பார்; முதலில் நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சொந்த மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம்.

எங்கே போனாலும் கேட்கப்போவது ஆதாரம். சேதமடைந்த மறுநாளே ஒரு சிவில் இன்ஜினியர் வந்து பார்த்து எழுதிய அறிக்கை கையில் இருக்கிறவருக்கு வழக்கு உண்டு. இல்லாதவர் கையில் இருப்பது குமுறல்தான். அமெரிக்காவில் பாலிசிதாரர் சார்பில் நஷ்டத்தை மதிப்பிட உரிமம் பெற்ற தனி ஆட்களே இருக்கிறார்கள், கிடைக்கும் தொகையில் ஒரு பங்கைக் கூலியாக வாங்கிக்கொண்டு. சிறிய கிளைம்களுக்கு அந்த ஏற்பாடு இங்கே கட்டுப்படியாகாது என்றே நினைக்கிறேன். ஏற்கெனவே பாலிசியில் இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் கட்டணத்துக்கு இடம் இருக்கிறது: கிளைம் தொகையில் 5% வரை. ஆனால் அது வீட்டைத் திரும்பக் கட்டும் வேலைக்கான செலவு. காரணத்தைச் சொல்லி கிளைமை நிராகரித்துவிட்டால் அந்த 5%-உம் பூஜ்ஜியம். காரணத்தை ஆராய வீட்டுக்காரர் அழைக்கும் இன்ஜினியருக்கு, கிளைம் ஜெயித்தாலும் தோற்றாலும், ஒரு சிறு நிலையான தொகையை பாலிசியே கொடுக்க வேண்டும். அவர் அறிக்கைக்கு சர்வேயர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.