உயரம் யாருக்குச் சொந்தம்?

பொத்தேரியில் மின்சார ரயில் ஏறி, காதில் ஒயரைச் சொருகிக்கொண்டு, கல்லூரி வளாகத்திலிருந்து வரும் சமுதாய வானொலியைக் கேட்டபடியே தாம்பரம் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. நாலைந்து ஸ்டேஷன் தாண்டுவதற்குள் குரல் கரகரத்து, வேறொரு சினிமாப் பாட்டுக்குள் அமுங்கிவிடும். 'அவ்ளோதான், போச்சு' என்று ஒயரைக் கழற்றுகிறோம். ஏதோ இயந்திரக் கோளாறு என்று எண்ணுகிறோம். கோளாறு எதுவும் இல்லை. அது அதற்குமேல் போகக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. 2006ஆம் ஆண்டின் சமுதாய வானொலிக் கொள்கைப்படி, அலையின் திறன் பொதுவாக 100 வாட்டைத் தாண்டக்கூடாது. ஆண்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்குமேல் உயரக்கூடாது. என்ன பேசலாம், எதைப் பேசக்கூடாது என்கிற தணிக்கையைப் பற்றி நாம் நிறையவே எழுதியாகிவிட்டது. எவ்வளவு உயரத்தில் நின்று பேசலாம் என்கிற தணிக்கையை அநேகமாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

இந்த 30 மீட்டரைக் கொடைக்கானல் மலையோடு சேர்த்து வாசிக்க வேண்டும். மத்திய அலை வானொலி தரையைத் தழுவிக்கொண்டே வளைந்து போகும். சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பி வரும். இலங்கை வானொலி தமிழ்நாட்டின் டீக்கடைகளில் குடியேறியது இவ்விரண்டின் தயவில்தான். தொலைக்காட்சியும் பண்பலையும் அப்படியல்ல. அவற்றின் அலை கிட்டத்தட்ட வெளிச்சம் மாதிரி, நேர்க்கோட்டில் போகும். பூமி வளைந்துவிடும் இடத்தில் அதற்கு வழி முடிந்துவிடும். எனவே உயரமே தூரம். 30 மீட்டர் உயரத்திலிருந்து கணக்குப்படி சுமார் 22 கிலோமீட்டர்வரை எட்டிப் பார்க்கலாம். 2,100 மீட்டர் மலையில் ஏறி நின்றால் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். மதுரை, தேனி, விருதுநகர், திருச்சி எல்லாம் அதற்குள் அடக்கம். 1899இல் சூரியனைப் பார்ப்பதற்காக வெள்ளைக்காரர்கள் ஆய்வகம் வைத்த மலை, சுதந்திர அரசின் கையில் கீழே இருப்பவர்களோடு பேசும் மலையாகியது. பேச மட்டும்தான், கேட்க அல்ல. 1932இலேயே பிரெக்ட் வானொலியைப் பற்றி இதைத்தான் குறைப்பட்டுக்கொண்டார்: விநியோகிக்கும் கருவியாக இருப்பதை ஏன் உரையாடும் கருவியாக்கக்கூடாது?

ஆனால் தெற்கத்திக் கூரைகளுக்கு முதலில் படம் காட்டியது கொடைக்கானல் அல்ல. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிவிட்டாலும் தென்கோடிக்கு அது வெறும் செய்தித்தாள் செய்தி. 1982 பிப்ரவரியில் ஜப்பான் உதவியோடு ரூபவாஹினி தொடங்கியது. இலங்கையின் மிக உயர்ந்த மலையான, 2,524 மீட்டர் உயரப் பிதுருதலாகலையிலிருந்து வந்த அதன் அலை ராமநாதபுரம், தூத்துக்குடி கரைகளில் இறங்கியது. நேர்க்கோட்டுக் கணக்குக்கு இது அகப்படாது. தூரம் 300 கிலோமீட்டரைத் தொடும், தாண்டும். கடலின் மேல் படியும் காற்றடுக்குகள் அலையை வளைத்துக் கொண்டுவந்து சேர்த்தன. ஒரு தேசத்தின் எல்லையைக் காற்றின் வெப்பநிலை மீறியது.

வீட்டுக் கூரையில் நீளக் குழாய், அதன் உச்சியில் மீன்முள் மாதிரி ஆண்டெனா, ஒரு பூஸ்டர். மேலே ஒருவன், கீழே ஒருவன். 'வருதாண்ணே?' 'பூச்சி பறக்குதுடா. கொஞ்சம் கிழக்கால... இன்னும்... ஆங், வுட்ராத, அப்படியே புடி!' இந்த உரையாடலைச் சிரிப்புக்காக நினைவுகூர்வது வழக்கமாகிவிட்டது. இதை ஓர் அரசியல் செயலாகவும் வாசிக்கலாம். ஃபனான் 1959இல் அல்ஜீரிய வானொலி பற்றி எழுதிய கட்டுரை, இரைச்சலுக்கிடையே முள்ளைத் திருப்பித் தேடுகிற கேட்பவனைப் போராட்டத்தின் பங்காளியாகக் கண்டது. நம் ஊர் ஆண்டெனாக்காரன் போராளி அல்லன். கிரிக்கெட்டுக்கும் படத்துக்கும்தான் திருப்பினான். 1983 ஜூலைக்குப் பிறகும், ஈழத்தமிழர் துயரத்துக்காக ஊர்வலம் போன அதே கரைகளில், அந்த இனவாத அரசின் நிலையத்தை நோக்கி ஆண்டெனாக்கள் நின்றன என்பது நமக்குச் சங்கடமான உண்மை. இருந்தாலும் எந்த மலையைக் கேட்பது என்பதை அவன் கை தீர்மானித்தது. அவன் எந்தப் பக்கம் திருப்பினான் என்பது எந்த மலைக்கும் தெரியாது.

அந்தக் கைக்கு இந்திய அரசு கொடுத்த பதில் கோபுரங்கள். 1982இல் தேசிய நிகழ்ச்சி. 1984இல் நாளுக்கொரு ஒளிபரப்பி என்ற வேகம். அதே பத்தாண்டில் கொடைக்கானல் கோபுரம். தெற்கின் ஆண்டெனாக்கள் மெல்ல வடமேற்கே திரும்பின. திரும்பியவர்களுக்குக் கிடைத்தது மாலையில் கொஞ்சம் தமிழ், இரவு நேரத்தில் இந்தி. இந்தித் திணிப்புக்கு எதிராக 1965இல் உயிர்கொடுத்த மண்ணில், 1987இல் மலைமேலிருந்து ராமாயணம் இந்தியில் இறங்கியது. பள்ளிக்கூடம் வழியாக நுழைய முடியாத மொழி கூரை வழியாக வந்தது, பார்த்தோம்.

உயரத்தின் அரசியலை இன்னும் அப்பட்டமாகப் பார்க்க வன்னிக்குப் போக வேண்டும். அங்கே மலை கிடையாது. எனவே இரும்பையே மலையாக்கினார்கள். கொக்காவிலில் ரூபவாஹினியின் கோபுரத்தைக் காத்து நின்ற ராணுவ முகாம் 1990 ஜூலையில் புலிகளிடம் வீழ்ந்தது. போர் முடிந்தபின், 2011இல், அதே இடத்தில் முன்னைவிட உயரமான கோபுரத்தை ஜனாதிபதி ராஜபக்ச திறந்துவைத்தார். வென்றவன் நட்ட கொடிமரம் அது என்பதைப் புரிந்துகொள்ளக் கோட்பாடு எதுவும் தேவையில்லை.

ஈஃபில் கோபுரத்தைப் பற்றி எழுதிய ரோலான் பார்த், அது பார்க்கப்படுவதும் பார்ப்பதுமாக இருக்கிறது என்றார். நம் மலைக் கோபுரம் பார்க்கப்படும், பார்க்காது. ஃபூக்கோ விவரித்த சிறைக் கோபுரத்துக்கு நேர் எதிர் அது. எல்லோரையும் நோக்கிப் பேசும், ஒருவரையும் அடையாளம் தெரியாது. அதற்குக் குருட்டுப் புள்ளிகளும் உண்டு. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சமவெளியில் தெளிவாக விழும் அலை, அதே மலையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் ஊருக்கு இறங்காது. விளக்கடியில் இருட்டு என்பது இங்கே உவமை அல்ல, இயற்பியல்.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அரசின் ஏகபோகம் முடிந்தது என்று கொண்டாடினோம். நடந்தது என்ன? 2000இல் பண்பலை ஏலத்துக்கு வந்தது. பணமுள்ளவர்களுக்குக் கோபுரம் கிடைத்தது. கல்வி நிறுவனங்களுக்கு 2002லும் தொண்டு நிறுவனங்களுக்கு 2006லும் கதவு திறந்தபோது, கூடவே அந்த 30 மீட்டர் கூரையும் வந்தது. அலை பொதுச்சொத்து, உயரம் பொதுச்சொத்தல்ல. வீடு உனக்கு, மாடிப்படி எனக்கு என்கிற பாகப்பிரிவினை இது. சின்ன நிலையங்கள் நெருக்கியடித்து ஒன்றையொன்று அமுக்காமலிருக்கவே கட்டுப்பாடு என்பார்கள். சென்னைப் புறநகருக்கு அந்த நியாயம் பொருந்தலாம். நிலையமே இல்லாத மலைக்கிராமத்துக்கும் அதே அளவுகோல் எதற்கு?

தரைவழித் தொலைக்காட்சி அநேகமாக முடிந்துவிட்டது. பழைய ஒளிபரப்பிகளில் சுமார் ஐம்பதைத் தவிர மற்றவற்றை 2022க்குள் மூடப்போவதாக 2021இல் பிரசார் பாரதி அறிவித்தது. கோடை பண்பலை மட்டும் 100.5இல் பேசிக்கொண்டிருக்கிறது. பொத்தேரியில் அறையெடுத்துப் படிக்கும் தேனிப் பையன் அதைச் செல்போன் செயலியில் கேட்கலாம். மலையும் வேண்டாம், ஆண்டெனாவும் வேண்டாம். 'இப்பதான் எல்லாம் கைக்குள்ள வந்துருச்சே சார்' என்பான். வந்தது உண்மைதான். ஆனால் டேட்டா தீர்ந்தால் குரலும் தீர்ந்துவிடும். எதைக் கேட்டான், எப்போது நிறுத்தினான் என்பதெல்லாம் எங்கோ பதிவாகும். கோபுரம் நம்மிடம் ஒருபோதும் காது கொடுக்கவில்லை. அதனாலேயே நாம் கேட்பதை ஒட்டுக்கேட்கவும் இல்லை.

கோபுரத்துக்கு இரங்கற்பா பாடுவது என் வேலையல்ல. அது அதிகாரத்தின் வாயாகத்தான் இருந்தது. ஆனால் காசில்லாமல், பேர் சொல்லாமல் கேட்கலாம் என்ற ஒன்றையும் அது தன்னையறியாமல் கொடுத்திருந்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு, பேசுகிற வாயை மாற்றியிருக்க முடியும். காலியாகும் மலையுச்சிகளில் ஒரு மூலையையாவது மலையடிவாரத்து ஊர்களுக்குத் தரவேண்டும் என்று கேட்பதற்கு இப்போதும் நேரமிருக்கிறது. அலை நம்முடையது என்று தீர்ப்பாகி முப்பது வருஷம் தாண்டிவிட்டது. ஏணியை யார் வைத்திருக்கிறார்கள் என்று இனியாவது கேட்போமா?