கரண்டியை மாற்றும் கை

போன மாதம் ஒரு தம்பி தன் சிறுகதையை அனுப்பிக் கருத்துக் கேட்டார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். தோட்டத்தை விட்டு வந்த குடும்பம், அடுக்குமாடி வீடு, வேலை தேடி அலையும் இளைஞன் என்று கதை அதன் போக்கில் போனது. கடைசிக் காட்சியில் முத்து, அகமட், ஆ சோங் மூவரும் நள்ளிரவில் மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரேக் குடிக்கிறார்கள். மூன்று குவளைகளிலிருந்தும் எழும் ஆவி ஒன்றாகக் கலக்கிறது. கதை முடிகிறது.

அந்த ஆவியை நான் ஏற்கெனவே நிறைய இடங்களில் பார்த்துவிட்டேன். சுதந்திர தின விளம்பரங்களில், பள்ளிக் கட்டுரைகளில், போட்டிக்கு வரும் கதைகளில். "ஏன் தம்பி மாமாக் கடை?" என்று கேட்டேன். "அங்கதானே அண்ணே எல்லாரும் ஒண்ணா சாப்பிடுறாங்க" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. இதே வாக்கியத்தை நானும் எழுதியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அலுவலகத் தோழர்கள் பத்துப் பேரை வாழை இலை உணவகம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். அன்றிரவே முகநூலில் நீளமாக ஒரு பதிவு போட்டேன். மூன்று வகைக் காய்கறி, மோர் மிளகாய், கேட்கக் கேட்க வந்த அப்பளம், ரசத்தில் மிளகின் காரம் எல்லாவற்றையும் எழுதினேன். சீன நண்பர் இரண்டாவது முறை சோறு கேட்டதையும், இலையை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்று அவர் விசாரித்ததையும், "நம்ம பக்கமா மடிச்சா சாப்பாடு பிடிச்சிருக்குன்னு அர்த்தம்" என்று நான் பாடம் எடுத்ததையும் எழுதினேன். கடைசியில், மூன்று இனமும் ஒரே பந்தியில் உட்கார்ந்த அழகைப் பற்றி ஒரு பத்தி. நிறைய பேர் விருப்பம் போட்டார்கள்.

அடுத்த வாரம், வந்திருந்த மலாய்த் தோழி ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்திப் பதிவைப் படித்திருக்கிறாள். நல்லா எழுதியிருக்கே என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே, "தாப்பி சாயா மீனும் ஆயேர் சாஜா" என்றாள். ஆனா நான் தண்ணி மட்டுந்தானே குடிச்சேன்.

அந்தக் கடையில் பன்றி கிடையாது. ஆனால் ஹலால் சான்றிதழும் இல்லை. எல்லாரும் போகிறார்களே என்று அவளும் வந்திருக்கிறாள். ஒரு தண்ணீர் போத்தலை முன்னால் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். நான் இரண்டு நாற்காலி தள்ளித்தான் இருந்தேன். ரசத்தில் மிளகு இருந்ததைக் கவனித்தவன், பக்கத்தில் ஒருத்தி இலையே போடாமல் உட்கார்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

எனக்கு வருத்தமாக இருந்தது. அதைவிட, எழுதுகிறவன் என்ற முறையில் வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து உணவகங்களைப் பற்றி நம்மவர்கள் எழுதுவதை வேறு மாதிரிப் படிக்க ஆரம்பித்தேன். நம் உணவு எழுத்து தட்டை மட்டும் பார்க்கிறது. மேசையைப் பார்ப்பதில்லை.

தட்டைப் பார்த்தால் ஒற்றுமை தெரியத்தான் செய்யும். அது பொய்யில்லை. மாமாக் என்ற சொல்லே நம் 'மாமா'விலிருந்து வந்தது என்பார்கள். மலாய்க்காரர் சொல்லும் 'காரி' நம் கறி. கோப்பித்தியாம் என்பதில் பாதி மலாய், பாதி ஹொக்கியன். நாசி கண்டாரின் 'கண்டார்' என்பது சோற்றையும் குழம்பையும் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்ற காவடித் தடியைக் குறிக்கும். மீ கோரேங் மாமாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் மீ சீனருடையது. அதை உருளைக்கிழங்கு, தவ்வு, மிளகாய்ச் சாந்தோடு கிண்டியது தமிழ் முஸ்லிம் கை. பெயர் மலாய். மேலே பிழிகிற கஸ்தூரி எலுமிச்சையின் புளிப்பு இல்லாவிட்டால் அது வெறும் இனிப்பு நூடல்ஸ். இந்த ஒரு தட்டுக்குள் நூறு வருஷத்துக் குடியேற்றம் இருக்கிறது.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலைப் பசியாறலை மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, பல்லினச் சமூகத்தின் உணவு அனுபவம் என்றே தலைப்பு வைத்தார்கள். நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் மூன்றும் அதில் உண்டு. நான்கு வருஷத்துக்கு முன்பு, 2020இல், சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு அதே பட்டியலில் இடம்பிடித்தது. எனக்கு இரண்டிலும் மகிழ்ச்சிதான். ஆனால் அறிவிப்புகளின் வாசகத்தை எழுத்தாளர்களும் அப்படியே வாங்கிக் கதையில் ஒட்டிவிட்டால், அறிவிப்புக்கும் கதைக்கும் என்ன வித்தியாசம்?

மேசையைப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். என் அம்மா மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார். ஆனால் நாசி கண்டார் என்றால் உயிர். நாசி கண்டாரின் ருசியே பல குழம்புகளைக் கலந்து சோறு மூழ்கும்படி ஊற்றுவதில்தான் இருக்கிறது. 'பஞ்சிர்' என்று கேட்டால் வெள்ளமாக ஊற்றுவார்கள். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, மாட்டுக் குழம்பு எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரு கரண்டி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அம்மா வரிசையில் நின்று, "பாய், மாட்டுக் குழம்பு படாம ஊத்துங்க" என்பார். பரிமாறுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "தெரியும்மா" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைப்பார். வேறு கரண்டி எடுப்பார். கோழிக் குழம்பை ஓரத்திலிருந்து மொண்டு ஊற்றுவார்.

மூன்று நொடிதான். அதை அவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை செய்கிறாரோ. மாட்டிறைச்சி அவருக்குத் தடையே இல்லை. அம்மாவின் விலக்கில் அவருக்கு நம்பிக்கை இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அவருக்கு அது தெரியும், மதிக்கிறார். 'குழம்புக் கலவை வேற லெவல்' என்று எழுதுகிற நம்மில் எத்தனை பேர் அந்தக் கரண்டியை எழுதியிருக்கிறோம்?

இன்னொரு இடம் சீன சைவக் கடை. புரட்டாசி மாதத்தில் மதிய நேரம் போய்ப் பாருங்கள். திருநீறு பூசிய நம் ஆட்கள் பாதிக் கடையை நிரப்பியிருப்பார்கள். சோயாவிலும் காளானிலும் செய்த 'ஆட்டிறைச்சி'யை எங்கள் பக்கத்து வீட்டு அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் சாப்பிடுவார். சீனர்கள் பலர் அவர்கள் மாதக் கணக்கில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் திருவிழா வரும்போது ஒன்பது நாளும் சைவம். அதுவும் நம் புரட்டாசியும் சில வருஷங்களில் ஒட்டியே வரும். பௌத்த முறைப்படி நடத்தும் கடைகளில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. இரண்டு வேறு வேறு நாள்காட்டிகள் ஒரே கடையில் வந்து சந்திக்கின்றன. யாரும் யாரிடமும் ஒற்றுமை பற்றிப் பேசுவதில்லை. "ஆன்ட்டி, முட்டை இருக்கா?" என்று கேட்கிறோம். அவர் ஒரு தட்டைக் காட்டி, இது மட்டும் வேண்டாம் என்று கையசைக்கிறார். முடிந்தது.

நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். நாம் எல்லாரும் ஒரே உணவைச் சாப்பிடுகிறோம் என்பது பெரிய விஷயமில்லை, முழு உண்மையும் இல்லை. பக்கத்தில் உட்காருகிறவர் எதைச் சாப்பிட மாட்டார் என்பது நம்மில் பலருக்கு மனப்பாடமாகத் தெரியும். பன்றி, மாடு, வெள்ளிக்கிழமை, புரட்டாசி, நோன்பு மாதம், முதல் நாள், பதினைந்தாம் நாள் எல்லாம் அதில் அடக்கம். இந்த மண்ணில் சேர்ந்து வாழ்ந்து நாம் கற்றுக்கொண்ட படிப்பு அது. அந்தப் படிப்பு தவறுகிற இடமும் உண்டு. என் தோழியின் தண்ணீர் போத்தல் அப்படி ஓர் இடம். இரண்டையும் எழுதுவதுதான் எழுத்தின் வேலை என்று நினைக்கிறேன்.

சுவையைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போனால் நாம் அதைக்கூட ஒழுங்காக எழுதுவதில்லை. 'சூப்பர்', 'அம்மா கை மணம்', 'நாக்குல நிக்குது' என்ற மூன்று சொற்றொடரை வைத்துக்கொண்டு ரொட்டி சானாயிலிருந்து ஆசாம் லக்சா வரைக்கும் ஓட்டிவிடுகிறோம். ஒரு கவிதையைப் பற்றி 'அருமை' என்று மட்டும் எழுதினால் இந்த இதழில் போடுவார்களா? ரொட்டி சானாய் ஏன் நன்றாக இல்லை என்று சொல்லத் தெரிய வேண்டும். மாவு போதிய நேரம் எண்ணெயில் ஊறவில்லையா, வீசும்போது கிழிந்ததா, கல்லிலிருந்து எடுத்த பிறகு இரண்டு கையாலும் தட்டி அடுக்கைப் பிரிக்கவில்லையா, பருப்புக் குழம்பில் தண்ணீர் கூடிவிட்டதா? இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிற கண், கல்லுக்குப் பின்னால் நிற்கிறவரையும் பார்க்காமல் போகாது.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உணவு விமர்சனங்களில் எனக்குப் பயம் தருகிற சொல் 'அசல்'. அசல் பினாங்கு ருசி, அசல் செட்டிநாடு, அசல் ஹைனான். 2016இல் பினாங்கு மாநில அரசு, அங்காடிக் கடைகளில் வெளிநாட்டினர் முதன்மைச் சமையல்காரராக இருக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. உள்ளூர் உணவின் ருசி மாறிவிடும் என்பது காரணம். அந்தக் கவலையை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். வாழ்நாள் முழுக்க ஒரே சட்டியின் முன்னால் நின்றவரின் கைப்பக்குவத்தைச் சம்பளத்துக்கு ஆள் வைத்து வாங்கிவிட முடியாது. ஆனால் சார் குவே தியாவ் யார் கொண்டுவந்தது? நாசி கண்டார் யார் சுமந்தது? எல்லாம் கப்பலில் வந்த வெளிநாட்டுத் தொழிலாளியின் சமையல்தான். நேற்று வந்தவன் செய்தால் மரபு, இன்று வந்தவன் செய்தால் கலப்படம் என்றால் இடையில் கோட்டை யார் போட்டது? வந்தேறி என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நாம், இன்னொருவரின் கைக்கு 'அசல் இல்லை' என்று எழுதும்முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்போது பல கடைகளில் நமக்குத் தே தாரேக் இழுத்துத் தருகிறவர் பங்களாதேஷ்காரர். அல்லது இராமநாதபுரத்திலிருந்து வந்த தம்பி. "என்ன தண்ணி அண்ணே?" என்று கேட்பார். தே ஓ கோசோங் என்றால் சர்க்கரை இல்லாமல் சரியாகக் கொண்டுவருவார். மூன்று இனங்களின் பழக்கத்தையும் சில மாதங்களில் கற்றுக்கொள்கிறார். கரண்டியை மாற்றவும் கற்றுக்கொள்கிறார். கதைகளில் மட்டும் அவருக்கு நாற்காலி கிடையாது. 'தட்டு வந்தது' என்று எழுதுகிறோம். தானாகவா வந்தது?

தோழியோடு பிறகும் பல முறை சாப்பிடப் போயிருக்கிறேன். கடையை இப்போதெல்லாம் அவளே சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் மாமாக் கடையில் உட்கார்ந்தோம். நான் வாய் திறப்பதற்கு முன்பே பரிமாறுகிறவரிடம் அவள் சொன்னாள்: "தியா ஹாரி இனி தாக் மாகான் டாகிங், தாக் மாகான் தெலூர்." இவன் இன்னிக்குக் கறியும் சாப்பிட மாட்டான், முட்டையும் சாப்பிட மாட்டான். எனக்கு ரொட்டி கோசோங், பருப்பு. அவளுக்கு ரொட்டி தெலூர். ரொட்டி சுமாராகத்தான் இருந்தது. பருப்பில் உப்பு கூடுதல்.

தம்பிக்குப் பதில் எழுதினேன். மூவரையும் மாமாக் கடையிலேயே உட்கார வையுங்கள், மாற்ற வேண்டாம். ஆனால் ஆவியை எடுத்துவிடுங்கள். முத்து மாட்டுக் குழம்பு வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறான், ஆ சோங்கின் வீட்டில் கல்யாணம் நடந்தபோது அகமட் என்ன சாப்பிட்டான், தண்ணீரை மேசைக்குக் கொண்டுவந்த பையனின் பெயர் என்ன, இந்த மூன்றையும் கண்டுபிடித்து எழுதுங்கள்.

"பையன் பேரா? கதைல அவன் வர்றதே இல்லையே அண்ணே" என்று பதில் வந்தது.

அதைத்தான் கேட்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன்.